சொன்னதை எண்ணினார்களா, செய்ததை எண்ணினார்களா?

அரூர்ப் பக்கத்திலிருந்து உளவியல் முதுகலை படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “ஐயா, கொரோனா காலத்தில் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று எக்கச்சக்கமாக ஆய்வுகள் வந்தன. இன்னொரு பக்கம், உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தால் பாதிக்கு மேல் நிற்பதில்லை என்றும் படிக்கிறேன். அப்படியானால் எதை நம்புவது? அடுத்த தொற்று வந்தால் நம் ஊர் மக்கள் என்ன செய்வார்கள் என்று இருநூறு பேருக்குக் கூகுள் ஃபார்ம் அனுப்பி ஆய்வுக் கட்டுரை எழுதலாம் என்றிருக்கிறேன். எங்கப்பா, ‘களி தின்னவனுக்குக் கொரோனா வரலை, இதுக்கு எதுக்குடா ஆராய்ச்சி’ என்கிறார்.”

தம்பி, அப்பா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். நான் தருமபுரியில் முப்பது வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன். அந்தக் களிப் பேச்சை 2020 ஏப்ரலில் ரேஷன் கடை வரிசையிலும் கேட்டேன், படித்தவர்கள் நிறைந்த வாட்ஸ்அப் குழுவிலும் கேட்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஏப்ரல் 30 அன்று மத்திய அரசு மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்துப் பட்டியல் போட்டபோது, தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக இருந்தது ஒரே ஒரு மாவட்டம். அது கிருஷ்ணகிரி. பெங்களூரு நெடுஞ்சாலை மாவட்டத்தின் நடுவே ஓடுகிறது, ஓசூரில் அத்தனை தொழிற்சாலைகள், ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அப்படி இருந்தும் ஒரு தொற்றுகூட இல்லை என்றால் ஏன் என்று கேட்கத்தானே தோன்றும்? ராகிக் களி என்றார்கள். மலைக்காற்று என்றார்கள். மாங்காய், வெயில், கபசுரக் குடிநீர் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.

மே முதல் வாரத்திலேயே கிருஷ்ணகிரியிலும் தொற்று பதிவானது. மறு வருடம் இரண்டாம் அலையில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் சாவு. இரண்டும் மூன்று வேளையில் ஒரு வேளையாவது களி கிண்டிய வீடுகள்.

உங்கள் அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் செய்தது மனித மனம் இயல்பாகச் செய்வது. முதலில் விளைவைப் பார்க்கிறோம், பிறகு அதற்கொரு காரணத்தைத் தேடிப் பிடிக்கிறோம், கடைசியில் அந்தக் காரணத்தை முன்பே அறிந்திருந்ததாக நம்பிவிடுகிறோம். உளவியல் துறை பல ஆண்டுகள் இதே தவறைத்தான் செய்தது, புள்ளியியல் அட்டவணைகளோடு செய்தது என்பதுதான் வித்தியாசம்.

நம் மாவட்டத்து விவசாயி எவருக்கும் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்ட அனுபவம் இருக்கும். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு காட்டில் நடப்பார். அது நிமிர்கிற இடத்தில் பாயிண்ட். தண்ணீர் பீறிட்டால் அந்தச் செய்தி நாலு ஊருக்குப் போகும், அவரைத் தேடி ஆட்கள் வருவார்கள். ஆயிரம் அடி இறக்கியும் வெறும் புகைதான் வந்தது என்றால் அந்தக் குழியை மூடிவிட்டுக் கடனை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். யாரிடமும் சொல்ல மாட்டோம். ஆக, ஊரில் உலவுகிற கதைகளை மட்டும் கேட்டால் அவர் கைராசி அபாரம். மூடிய குழிகளையும் சேர்த்து எண்ணினால்தான் உண்மை தெரியும்.

ஆய்விதழ்களும் நெடுங்காலம் தண்ணீர் வந்த கிணறுகளை மட்டுமே அச்சிட்டன. ஒரு சோதனையில் விளைவு தெரிந்தால் கட்டுரை, தெரியாவிட்டால் கோப்பு அலமாரிக்குள். பி-மதிப்பு (உண்மையில் விளைவே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரக்கூடிய வாய்ப்பு) 0.05க்குக் கீழே இருந்தால் போதும் என்ற வழக்கம் உங்களுக்குத் தெரியும். அதன் பொருள், உண்மையில் ஒன்றுமே இல்லாத இடத்திலும் இருபது பேர் தோண்டினால் சராசரியாக ஒருவருக்கு ஈரம் தென்படும். அந்த ஒருவர் கட்டுரை எழுதுவார். மீதிப் பத்தொன்பது பேர் எழுத மாட்டார்கள், எழுதினாலும் அச்சாகாது. இதோடு இன்னொன்றும் உண்டு. மொத்தமாகப் பார்த்து விளைவு இல்லையென்றால் பெண்களை மட்டும் எடுத்துப் பார்ப்பது, அதிலும் இல்லையென்றால் முப்பது வயதுக்குக் கீழே, அதுவும் இல்லையென்றால் இன்னும் இருபது பேரைச் சேர்த்துப் பார்ப்பது. 2011இல் ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், ஊரி சைமன்சன் ஆகிய மூவர், துறையில் எல்லோரும் சாதாரணமாகச் செய்துவந்த இந்தச் சலுகைகளைப் பயன்படுத்தியே, ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டால் மனிதரின் வயது ஏறக்குறைய ஒன்றரை வருடம் குறைந்துவிடும் என்று ‘நிரூபித்து’க் காட்டினார்கள். நடக்கவே முடியாத ஒன்றை முறைப்படி நிரூபிக்க முடிகிறது என்றால், முறையில்தான் ஓட்டை.

நீங்கள் படித்த ‘பாதிக்கு மேல்’ என்ற கணக்கு 2015இல் வந்தது. அமெரிக்காவின் பிரையன் நோசெக் ஒருங்கிணைத்த பெரிய கூட்டு முயற்சி அது. 2008இல் மூன்று உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97இல் ‘விளைவு உண்டு’ என்றிருந்தது. மறு ஆய்வில் நூற்றுக்கு 36தான் தேறின. சமூக உளவியலில் கால்பங்கு, அறிவாற்றல் உளவியலில் ஏறக்குறைய பாதி. விளைவின் அளவும் சராசரியாகப் பாதிக்குக் குறைந்திருந்தது. தேறாத ஆய்வுகள் எல்லாம் பொய் என்று அந்தக் குழுவே சொல்லவில்லை. மறு ஆய்வும் ஒரு கிணறுதான், அதுவும் தவறிப்போகலாம். ஆனால் துறைக்கு அது பேரிடி.

அதே துறையில் அசையாமல் நின்றவையும் உண்டு. இழப்பு, ஆதாயம் பற்றி மனிதர் எப்படி முடிவெடுக்கிறார் என்று டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதியதை, 19 நாடுகளில், 13 மொழிகளில், 4,098 பேரிடம் மறுபடி கேட்டுப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் அப்படியே வந்தது. எனவே ‘உளவியல் ஆய்வு’ என்று ஒட்டுமொத்தமாக நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது. ஒவ்வொரு கிணற்றையும் தனியாகத்தான் எட்டிப் பார்க்க வேண்டும்.

கொரோனா வந்தபோது நிலைமை இன்னும் சிக்கலானது. ஆய்வாளர்களும் வீட்டுக்குள், மக்களும் வீட்டுக்குள். மிஞ்சியது தொலைபேசியும் இணையமும். எனவே உலகம் முழுக்கச் செய்ததை எண்ணாமல் சொன்னதை எண்ணினார்கள். என் கவலை முழுவதும் இந்த இடத்தில்தான். உங்கள் கூகுள் ஃபார்ம் பற்றி நான் சொல்லப்போவதும் இதை வைத்துத்தான்.

2020 மே 4 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 502 பேரிடம் இணையவழிக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. நூற்றுக்கு 39 பேர் கிருமிநாசினிகளை ஆபத்தான வழியில் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். 4 பேர், தண்ணீர் கலந்த பிளீச்சைக் குடித்ததாகவோ வாய் கொப்பளித்ததாகவோ சொன்னார்கள். உலகெங்கும் தலைப்புச் செய்தி. ஒரு நாட்டின் மக்கள்தொகையில் நூற்றுக்கு நாலு என்றால் கோடிக்கு மேல், தம்பி. அத்தனை பேர் பிளீச் குடித்திருந்தால் மருத்துவமனைகள் தாங்கியிருக்குமா என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். பிறகு லெய்ப் லிட்மன் குழுவினர் இதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். இந்த முறை, கவனமாகப் படித்துப் பதில் சொல்கிறாரா என்று சோதிக்கும் கேள்விகளையும் நடுநடுவே வைத்தார்கள். பிளீச் குடித்ததாகச் சொன்னவர்களில் நூற்றுக்கு 80 முதல் 90 பேர் வரை கேள்வியைப் படிக்காமல் தட்டியவர்களும் வேண்டுமென்றே தவறாகச் சொன்னவர்களும்தான். உயிர் போன மாரடைப்பு தமக்கு வந்ததாக ‘ஆம்’ என்றவர்கள் அவர்களில் இருந்தார்கள். இரும்புச் சத்துக்காகக் கான்கிரீட் தின்றதாகவும் சொன்னார்கள். அவர்களை நீக்கிப் பார்த்தபோது பிளீச் குடித்ததற்கான தடயமே மிஞ்சவில்லை. 2023இல் அது அச்சானது. மூன்று வருடத்துக்கு முந்தைய தலைப்புச் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள்?

படிக்காமல் தட்டுகிறவர்கள் ஒரு வகை. படித்து, புரிந்து, நல்லெண்ணத்தோடு தவறாகச் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. இவர்கள்தான் அதிகம். கென்யாவின் கிராமப்புறத்தில் எட்வர்ட் மிகேல் குழுவினர் தொலைபேசியில் கேட்டபோது ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வெளியே போகும்போது முகக்கவசம் அணிவதாகச் சொன்னார்கள். ஆட்களை அனுப்பித் தெருவில் நின்று பார்த்தபோது போட்டிருந்தவர் பத்தில் ஒருவர்.

இந்தப் பாடத்தை நான் கென்யாவிடமிருந்து கற்கவில்லை. 2020 கடைசியில் என் மாணவர்கள் சிலரோடு சேர்ந்து, தெரிந்த எண்களுக்கெல்லாம் போன் செய்து, முகக்கவசம் பற்றிக் கேட்டோம். ஏறக்குறைய எல்லோரும், “போடாம வெளிய போறதே இல்லைங்க சார்” என்றார்கள். நான் மகிழ்ந்துபோய் அதை நான்கு பேர் கூடிய இடத்தில் பெருமையாகப் பேசவும் செய்தேன். அடுத்த வாரம் ஒரு வேலையாகப் போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்குப் போனேன். ஆட்டுச் சந்தையில் தொடங்கிக் காய்கறி வரிசை வரைக்கும் நடந்தேன். முகக்கவசம் பலருக்குத் தாடையில் இருந்தது, சிலருக்குச் சட்டைப் பையில், பெரும்பாலானோருக்கு எங்கேயும் இல்லை. போனில் என்னிடம் அப்படிச் சொன்ன ஒருவரையே அங்கே பார்த்தேன். அவர் சங்கடப்பட்டுத் துண்டை எடுத்து மூக்கை மூடினார். அவர் என்னை ஏமாற்ற நினைத்தவர் அல்ல. வாத்தியார் கேட்கிறார், நல்ல பதிலாகச் சொல்வோம் என்ற மரியாதை. நான் போனில் அளந்தது அந்த மரியாதையைத்தான். முப்பது வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவனுக்கே அது உறைக்க ஒரு சந்தை தேவைப்பட்டது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பேச்சைக் கேட்டவர்களில் சிலர், எல்லோரும்தான் போடுகிறார்களே என்று தைரியமாகச் சந்தைக்குப் போயிருக்கலாம்.

இனி, நம்பத் தகுந்தது எது என்பதற்கு வருகிறேன். 2020 தொடக்கத்தில் பல நிபுணர்கள் சொன்ன ஒரு கருத்து நினைவிருக்கும்: முகக்கவசம் கொடுத்தால் மக்கள் தைரியம் பெற்று நெருங்கி நிற்பார்கள், கை கழுவ மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைகளிலேயே இந்த எச்சரிக்கை இருந்தது. கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கும். ஹெல்மெட் போட்டால் தொப்பூர் கணவாயில் வேகமாக இறங்குவான் என்று நம் ஊரில் சொல்வதில்லையா, அதே வாதம். ஆனால் இது யாரும் எண்ணிப் பார்க்காத வாதம். அதே ஆண்டு ஜூலையில் தெரசா மார்ட்டோ உள்ளிட்ட மூவர், ஹெல்மெட் போன்ற பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்த அச்சத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

எண்ணிப் பார்த்தது வங்கதேசத்தில். 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை, ஜேசன் அபலக், முஷ்ஃபிக் மொபாரக் முதலானோர் 600 கிராமங்களை எடுத்தார்கள். வயது வந்தோர் மட்டும் 3,40,000 பேருக்கு மேல். குலுக்கல் முறையில் பாதிக் கிராமங்களுக்கு முகக்கவசத்தை வீடு தேடிப் போய் இலவசமாகக் கொடுத்தார்கள். மசூதியிலும் சந்தையிலும் கொடுத்தார்கள், இமாம்களும் ஊர்த் தலைவர்களும் தாங்களே அணிந்து காட்டினார்கள், போடாதவரைத் தெருவில் பார்த்தால் நின்று அன்பாகச் சொன்னார்கள். பிறகு ஆட்கள் பொது இடங்களில் நின்று கண்ணால் எண்ணினார்கள். முகக்கவசம் சரியாக அணிந்தவர்கள் 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடானார்கள். நெருங்கி நின்றார்களா? இல்லை. மற்றக் கிராமங்களில் 24 விழுக்காட்டினர் இடைவெளி விட்டு நின்றார்கள் என்றால், இந்தக் கிராமங்களில் 29. பயந்ததற்கு நேர்மாறு. (நோய் எவ்வளவு குறைந்தது என்று அதே ஆய்வு சொன்ன கணக்கின்மேல் புள்ளியியலாளர்களிடையே சச்சரவு உண்டு. அந்த வித்தியாசம் சிறியது, அதில் எனக்கும் கேள்விகள் இருக்கின்றன. நடத்தை மாறியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே ஆய்வில் ஒரு பகுதி உறுதியாகவும் இன்னொரு பகுதி தளர்வாகவும் இருக்கலாம்.)

அந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, பலிக்காமல் போனவற்றின் பட்டியல். குறுஞ்செய்தி நினைவூட்டல் சேர்த்துப் பார்த்தார்கள், கூடுதல் பலன் இல்லை. வாய்வழி உறுதிமொழி வாங்கினார்கள், இல்லை. ஊருக்குப் பரிசு, பணம், இல்லை. ‘உன்னைக் காத்துக்கொள்’, ‘பிறரைக் காப்பாற்று’ என்று வாசகத்தை மாற்றினார்கள், அதிலும் வித்தியாசமில்லை. மூடிய குழிகளையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அதனாலேயே இந்த ஆய்வின்மேல் எனக்கு மரியாதை.

மேற்கு வங்கத்தில் 2020 மே மாதம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் செய்ததும் இதே திசையைக் காட்டியது. ஏறக்குறைய இரண்டரை நிமிடக் காணொளியில் பானர்ஜியே வங்காளியில் பேசினார். நோபல் பரிசு வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத மண்ணின் மைந்தர். அது 2.5 கோடிப் பேருக்கு அனுப்பப்பட்டது. பேச்சு போன இடங்களில், காய்ச்சல் அறிகுறியைச் சுகாதாரப் பணியாளரிடம் தெரிவிப்பது இரண்டு மடங்கானது. பேச்சில் பல வகை வைத்திருந்தார்கள், ஒன்றில் தன்னலம், ஒன்றில் பிறர் நலம். எந்த வகை போனது என்பது பெரிய வித்தியாசத்தைத் தரவில்லை.

நம் ஊரில் காவல்துறை கொரோனா ஹெல்மெட் போட்டுப் பயமுறுத்திய படங்கள் பரவின அல்லவா? பயமுறுத்தினால் கேட்பார்கள் என்ற அந்த நம்பிக்கையையும் சோதித்தார்கள். 84 நாடுகள், 15,929 பேர். ‘இதைச் செய்யாவிட்டால் இன்னதை இழப்பாய்’ என்றும், ‘செய்தால் இன்னதைப் பெறுவாய்’ என்றும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். நடந்துகொள்ளும் எண்ணத்தில் மாற்றமில்லை. இழப்பைச் சொன்னபோது பதற்றம் மட்டும் கூடியது. ஆதாயத்தைவிட இழப்பு மனதில் அதிகம் உறைக்கும் என்ற கானெமன், ட்வெர்ஸ்கி கோட்பாடு 19 நாடுகளில் நின்றதே, அதிலிருந்து நேராக இறக்கிய யோசனை இது. கோட்பாடு நின்றது, அதைச் சுவரொட்டியாக்கிய யோசனை நிற்கவில்லை. இந்த வேறுபாட்டைத் தயவுசெய்து உங்கள் கட்டுரையில் ஒரு பத்தியாவது எழுதுங்கள். ஆய்வகத்து உண்மையும் தெருவில் பலிப்பதும் ஒன்று என்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

கடைசியாக, 2020 ஏப்ரலில் 40க்கும் மேற்பட்ட சமூக, நடத்தை அறிவியலாளர்கள் சேர்ந்து அரசுகளுக்கு எழுதிய ஆலோசனைக் கட்டுரை ஒன்று உண்டு. அப்போதே பலர் கண்டித்தார்கள். ஹான்ஸ் ஐசர்மன் முதலானோர், ஆய்வு முடிவைக் கொள்கையாக்கும் முன், விண்வெளிக் கருவிகளை நாசா படிப்படியாகச் சோதிப்பதுபோல் சோதிக்க வேண்டும் என்றார்கள். நியாயமான கண்டனம். 2023இல் கை ருகேரி தலைமையில் அந்த ஆலோசனையின் 19 கூற்றுகளை, அதற்குள் வந்துவிட்ட 747 ஆய்வுக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு, 72 பேர் இரண்டு குழுக்களாகப் பிரிந்து மதிப்பிட்டார்கள். 18 கூற்றுகளுக்கு ஆதாரம் கிடைத்தது. அவற்றில் 16 சரியென்று இரு குழுவும் ஒப்புக்கொண்டது. வலுவாக நின்றவை, நம்பிக்கைக்குரிய தலைவர் சொன்னால் கேட்பார்கள், அக்கம்பக்கத்தார் செய்வதைப் பார்த்தால் செய்வார்கள், அரசியல் பிளவும் வதந்தியும் கெடுக்கும் என்பன. தன்னலம், பிறர் நலம் என்று அழுத்திச் சொல்வதால் பலன்? இல்லை.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வங்கதேசத்து ஆய்வு, மேற்கு வங்கத்து ஆய்வு, 747 கட்டுரைகளின் தொகுப்பு. ஆட்கள் வேறு, முறை வேறு, நாடு வேறு. மூன்றும் ஒரே இடத்தில் கை வைக்கின்றன: வாசகத்தைத் திருப்பித் திருப்பி எழுதுவதால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, கொண்டுவருவது யார், எப்படிக் கொண்டுவருகிறார் என்பதில்தான் விஷயம். பக்கத்துப் பக்கத்துக் காடுகளில் மூன்று பேர் தனித்தனியாகப் போர் போட்டு ஒரே ஆழத்தில் தண்ணீர் கண்டால், அந்த ஆழத்தை நான் நம்புவேன். ஒரு கட்டுரையின் பி-மதிப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் எனக்கு அந்த நம்பிக்கை வராது.

ஓசூர் பக்கம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அது சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான திட்டம். ஆனால் மாதந்தோறும் மாத்திரையோடு வாசலுக்கு வருகிற, பேர் தெரிந்த ஒரு பெண் அதில் இருக்கிறார். அடுத்த தொற்றில் ஒரு பாட்டி யார் பேச்சைக் கேட்பார் என்று என்னைக் கேட்டால், நான் சுவரொட்டியைச் சொல்ல மாட்டேன், அந்தப் பெண்ணைச் சொல்வேன். இது என் ஊகம். மேலே சொன்ன ஆய்வுகள் இந்த ஊகத்துக்குத் தெம்பு தருகின்றன, நிரூபிக்கவில்லை.

மறு ஆய்வில் தோற்றால் மூல ஆய்வு பொய்யா என்றால், அதுவும் இல்லை. 2021 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து மருத்துவமனைக் குழுமம் ஒன்று, ‘தடுப்பூசி உங்களுக்காகக் காத்திருக்கிறது’ என்ற வகையில் குறுஞ்செய்தி அனுப்பியது. போட்டுக்கொண்டவர்கள் மூன்றரை விழுக்காட்டுப் புள்ளி கூடினார்கள். சில மாதம் கழித்து ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அதே மாதிரி செய்தி போனது. பலன் தெரியவில்லை. இரண்டும் ஒழுங்கான ஆய்வுகள். முதல் முறை, தடுப்பூசி வந்த புதிது, போட விரும்பியவர்களுக்கு நினைவூட்டல் போதுமானதாக இருந்தது. இரண்டாம் முறை விரும்பியவர்கள் போட்டு முடித்துவிட்டார்கள், மிஞ்சியவர்கள் தயங்கியவர்கள். ஐப்பசியில் தண்ணீர் இருந்த கிணறு சித்திரையில் வற்றியிருந்தால் ஐப்பசியில் பார்த்தவர் பொய்யர் ஆகமாட்டார். ஆனால் எந்த மாதத்தில் பார்த்தேன் என்று அவர் சொல்லியாக வேண்டும்.

மனநலக் கணக்குகளிலும் இதே சிக்கல்தான். கொரோனாவின் முதல் ஆண்டில் மனச்சோர்வும் பதற்றநோயும் உலகில் கால்பங்குக்கு மேல் கூடின என்று 2021இல் ஒரு பெரிய மதிப்பீடு வந்தது. 2023இல், கொரோனாவுக்கு முன்பும் பின்பும் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 134 குழுக்களைத் தொகுத்த ஆய்வு, மாற்றம் மிகச் சிறியது என்றது. இரண்டாவது முறை வலுவானது, ஏனென்றால் அது முன்னும் பின்னும் ஒரே குழுக்களை ஒப்பிட்டது. ஆனால் அந்தக் குழுக்கள் பெரும்பாலும் வசதியான நாடுகளில். பெங்களூரில் கட்டட வேலை நின்றுபோய்ப் பென்னாகரத்துக்கு வெறுங்கையோடு திரும்பிய குடும்பத்துப் பெண்ணின் மனம் அதில் இல்லை. அவரைப் பற்றி அந்த ஆய்வை வைத்து யாரும் எதுவும் சொல்லக் கூடாது.

முன்கூட்டிச் சொல்வதில் நிபுணர்கள் எப்படி என்றும் ஒரு வார்த்தை. ஆய்வு முடிவுகள் பெரும்பாலும் ஏன் பொய்த்துப்போகின்றன என்று 2005இல் எழுதி உலகையே விழிக்கச் செய்தவர் ஜான் அயோனிடிஸ். அவரே 2020 மார்ச் 17 அன்று, அமெரிக்கர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத் தொற்றினால் 10,000 அளவில் சாவு இருக்கும் என்று ஒரு நடுத்தர ஊகத்தை எழுதினார். 2022 மே மாதத்தில் அங்கே சாவு 10 லட்சத்தைத் தாண்டியது. இகோர் கிராஸ்மன் ஒருங்கிணைத்த போட்டியில் 86 சமூக அறிவியல் குழுக்கள் சமூக மாற்றங்களைக் கணித்துப் பார்த்தன. பழைய சராசரியையே எடுத்துவைக்கும் எளிய கணக்கைவிட அவை மொத்தத்தில் மேலாக இல்லை. எனவே ‘அடுத்த தொற்றில் மக்கள் என்ன செய்வார்கள்’ என்ற உங்கள் தலைப்பை விட்டுவிடுங்கள். இருநூறு பேரிடம் கேட்டு அதைச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

அதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். டெங்கு நம் ஊரில் இன்றைக்கும் இருக்கிற தொற்று. ஒகேனக்கல் தண்ணீர் தினமும் வராத தெருக்களில் எல்லா வீட்டிலும் டிரம்மும் தொட்டியும் இருக்கும். ஐம்பது வீடு போதும். முதலில் வாசலில் கேளுங்கள்: “தண்ணித் தொட்டிய மூடி வெக்கிறீங்களா? எத்தனை நாளைக்கு ஒருக்கா கழுவுறீங்க?” பதிலை எழுதிக்கொண்டு, அனுமதி கேட்டுப் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். மூடியிருக்கிறதா, புழு இருக்கிறதா என்று எழுதுங்கள். சொன்னதற்கும் பார்த்ததற்கும் உள்ள தூரம்தான் உங்கள் ஆய்வு. பாதி வீடுகளுக்கு நீங்கள் தனியாகப் போங்கள், பாதி வீடுகளுக்கு அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சுகாதாரப் பணியாளரோடு போங்கள். எந்த வீடு எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். பதில்கள் மாறுகின்றனவா என்று பாருங்கள்.

போவதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதித் தேதி போட்டு உங்கள் வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள்: என்ன எதிர்பார்க்கிறேன், எத்தனை வீடு, எந்தக் கணக்கைப் போடப்போகிறேன். பிறகு அந்தத் தாளை மாற்றக் கூடாது. ஒன்றும் கிடைக்காவிட்டாலும் கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். புகை வந்த குழியைப் பற்றிய ஒரு நேர்மையான முதுகலைக் கட்டுரையை நான் இந்த மாவட்டத்தில் இன்னும் படித்ததில்லை, படிக்க ஆசையாக இருக்கிறது. கேள்விகளைப் பாடப்புத்தகத் தமிழில் எழுதாதீர்கள், அரூரில் பேசுகிற தமிழில் எழுதுங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் யாராவது இதைத் திரும்பச் செய்வதென்றால் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதி, அந்தந்த மொழிக்காரரிடம் படித்துக் காட்டிச் சரிபார்க்க வேண்டும்.

திரும்பச் செய்வது என்றேன். என் பழைய மாணவர் ஒருவர் பாலக்கோடு பக்கம் கொசு ஒழிப்புப் பணியாளர்களை மேற்பார்க்கும் வேலையில் இருக்கிறார். உங்கள் கேள்வித்தாளும் அந்தத் தேதி போட்ட தாளும் தயாரானதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். உங்கள் முடிவை அவரிடம் சொல்லாமல், அங்கே இன்னும் ஐம்பது வீட்டில் அதையே செய்து பார்க்கச் சொல்கிறேன்.